சவுக்கு ஊசியா, பைன் ஊசியா? நம் கடற்கரையில் மருந்துக்கு இலை பறிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று கரையோர ஊர்க்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். நான் சித்த மருத்துவர் அல்ல, சரக்கு விற்பவன். ஆனால் இலையைக் கையில் கொடுத்தால் இன்னது என்று சொல்லத் தெரியும்.

போன மார்கழியில் உச்சிப்புளிப் பக்கமிருந்து ஓர் அப்பத்தாவும் பேத்தியும் மஞ்சள் பை நிறைய பச்சை ஊசியோடு வந்தார்கள். "பைன் ஊசித் தேநீர் குடித்தால் நெஞ்சுச்சளி போகும்" என்று பேத்தியின் போனில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. கடற்கரைத் தோப்பில் போய்ப் பறித்து, இரண்டு நாள் காய்ச்சிக் குடித்தும் விட்டார்கள். "ஒரே துவர்ப்பா இருக்குய்யா, இன்னும் எத்தனை நாள் குடிக்கணும்?" என்று கேட்டார் அப்பத்தா. பையைப் பிரித்தால் உள்ளே இருந்தது அத்தனையும் சவுக்கு.

அதற்குப் பிறகும் இதே கேள்வியோடு பலர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் கடற்கரையில் ஊசி ஊசியாக இலை வைத்திருக்கிற மரம் பைன்தானே?

இல்லை, அது சவுக்கு. பைனுக்கும் சவுக்குக்கும் உறவே கிடையாது. பைன், பூக்காமல் கூம்பு வைக்கிற கூட்டம். சவுக்கு பூக்கிற மரம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், காற்றடித்தால் இரண்டும் ஒரே மாதிரி 'உஸ்ஸ்' என்று சத்தம் போடும். அவ்வளவுதான் ஒற்றுமை.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. சவுக்கு ஊசி ஒன்றைப் பறித்து, இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். 'டக்' என்று ஒரு கணுவில் கழன்று வரும். இன்னும் இழுத்தால் அடுத்த கணுவில் கழலும். இப்படியே ஒரு சாண் ஊசியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடலாம். கழன்ற முனையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் ஆறு ஏழு குட்டிப் பற்கள், வட்டமாக, அடிப்பக்கம் வெளுத்து நுனி பழுப்பாகி நிற்கும். அந்தப் பல்தான் சவுக்கின் இலை. நாம் ஊசி என்று சொல்வது இலையே இல்லை, பச்சையான சிறு குச்சி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அன்று முழுக்க ஊசியை உருவிக்கொண்டே இருப்பார்கள்.

பைன் ஊசி இப்படிக் கழலாது. இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் ஒரே அடியிலிருந்து கட்டாகக் கிளம்பும். கட்டின் அடியில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய பழுப்பு உறை ஒன்று பிடித்திருக்கும். கசக்கினால் பெயிண்டுக் கடை டர்பெண்டைன் வாசம் லேசாக அடிக்கும். சவுக்கைக் கசக்கினால் வெறும் பச்சைப் புல் வாசம்தான். காயும் வேறு: சவுக்குக் காய் நாவற்பழம் அளவுக்குக் கூட வராது, பைன் கூம்பு அதைவிடப் பல மடங்கு பெரிதாக, அடுக்கடுக்காகச் செதில் வைத்திருக்கும்.

தென்னிந்தியா பைனுக்குச் சொந்த மண் இல்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நிற்பவை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. நம் மணலிலும் உப்புக் காற்றிலும் அந்த மரத்தைத் தேட வேண்டாம்.

சவுக்கு ஊசியைக் காய்ச்சிக் குடித்துவிட்டோம். ஏதாவது ஆகுமா?

அரளி மாதிரி உயிர் வாங்குகிற மரம் என்று சவுக்குக்குப் பெயர் கிடையாது. ஒன்றிரண்டு தடவை குடித்துவிட்டு இப்போது நன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்திவிடுங்கள். வயிற்றுவலி, வாந்தி இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன குடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் கிளையையும் கையோடு கொண்டு போங்கள்.

சவுக்கில் டானின் என்கிற துவர்ப்புச் சத்து உண்டு, பட்டையில் ரொம்ப அதிகம். வயிற்றுப்போக்குக்குச் சவுக்குப் பட்டைக் கஷாயம் கொடுக்கிற வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது. நெஞ்சுச்சளிக்கு ஊசியைக் காய்ச்சிக் கொடுக்கிற வழக்கத்தை நம் கரையில் எந்தப் பெரியவரும் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை தலைமுறையாக இந்தத் தோப்புகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, சருகை அடுப்புக்கும் கம்பைப் பந்தலுக்கும் எடுத்தவர்கள், ஊசியை மட்டும் மருந்துக்கு எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று: சவுக்கு பூக்கிற சமயத்தில் அதன் மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் இளைப்பையும் கிளப்பும். இருமலுக்கு மருந்து தேடி அந்தத் தோப்புக்குள்ளேயே போய் நின்று கிளை உலுக்கினால் எப்படி?

அப்படியானால் பைன் ஊசித் தேநீர் என்பதே பொய்யா?

பொய் இல்லை. குளிர் நாடுகளில் அதற்கு நல்ல காரணம் இருந்தது. பைன் ஊசியில் வைட்டமின் சி இருக்கிறது. ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கிற ஊரில் காயும் பழமும் ஏது? பச்சையாக நிற்பது ஊசியிலை மரம் மட்டும்தான்.

1535-36 குளிர்காலத்தில் கனடாவில் பனியில் மாட்டிக்கொண்ட ஜாக் கார்த்தியேயின் கப்பல் ஆட்களுக்கு ஸ்கர்வி வந்தது. வைட்டமின் சி இல்லாமல் ஈறு அழுகி, கால் வீங்கிச் சாகிற நோய். பலர் செத்த பிறகு, அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஓர் ஊசியிலை மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லித் தந்தார்கள். மிச்சம் பேர் பிழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரம் முற்றுகையில் கிடந்தபோதும் பைன் ஊசியிலிருந்து வைட்டமின் பானம் செய்து மக்களுக்குக் கொடுத்தார்கள். கொரியாவில் பைன் ஊசித் தேநீர் இன்றும் சாதாரணம்.

அது அந்த ஊர்க்காரர்களின் அறிவு. தங்கள் வாசலில் நின்ற மரத்தை, எந்த இனம் ஆகும், எது ஆகாது என்று பார்த்துப் பழகி எடுத்துக்கொண்டார்கள். நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கத்தை. அவர்கள் மரத்தை இங்கே தேட வேண்டியதில்லை.

வைட்டமின் சி நமக்கும் வேண்டுமே?

வேண்டும். ஒரு பெரிய நெல்லிக்காய் போதும். கொய்யாவில் ஆரஞ்சைவிட அதிகம். எலுமிச்சை இருக்கிறது, முருங்கைக்கீரை இருக்கிறது. ராமநாதபுரம் சந்தையில் கொய்யா குவிந்து கிடக்கிறபோது, காய்ந்த பைன் ஊசியைத் தபாலில் வரவழைத்துக் கொதிக்க வைப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. காயக் காய வைட்டமின் சி குறையும், கொதிக்கக் கொதிக்க இன்னும் குறையும். கடைசியில் குடிப்பது வாசனைத் தண்ணீர்.

பைன் ஊசியில் சுராமின் என்ற மருந்து இருக்கிறது, கொரோனாவுக்கும் தடுப்பூசிக்கும் முறிவு என்று ஒரு தகவல் வந்ததே?

அது தவறான தகவல். சுராமின் மரத்திலிருந்து வருவதே இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த மருந்து. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு ஊசியாகப் போடுவார்கள். எந்தப் பைனிலும், எந்த இலையிலும் அது கிடையாது.

இன்னொரு தகவலும் சுற்றுகிறது: ஷிகிமிக் அமிலம் இருப்பதால் ஃபுளூ காய்ச்சல் போய்விடும் என்று. பைன் ஊசியில் அந்த அமிலம் இருப்பது உண்மைதான். பிரியாணிக்குப் போடுகிற அன்னாசிப்பூவிலும் நிறைய இருக்கிறது. ஃபுளூவுக்கான டாமிஃபுளு மாத்திரைக்கு அது மூலப்பொருள். அதிலிருந்து மாத்திரை ஆக பல ரசாயனப் படிகள் தாண்ட வேண்டும். களிமண்ணைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பானை கிடைத்தது என்று சொல்ல முடியுமா?

கொடைக்கானல் போகிறோம். அங்கே உள்ள பைன் ஊசியைப் பறித்து வரலாமா?

வேண்டாம் என்பேன், இரண்டு காரணத்துக்காக. ஒன்று, அந்தப் பைன் காடுகள் பெரும்பாலும் வனத்துறை இடம். காட்டு மரத்தில் கிளை ஒடித்து எடுத்து வர அனுமதி கிடையாது. இரண்டு, நம் மலைகளில் அதிகம் நட்டிருப்பது மெக்சிகோவிலிருந்து வந்த, ஊசி நீளமாகத் தொங்குகிற இனம். மரத்துக்கும் காகிதக் கூழுக்கும் நட்டது. தேநீராகக் குடித்துப் பழகிய மரபு இருப்பது ரஷ்யா, கொரியா, வட அமெரிக்காவில் வளரும் வேறு பைன்களுக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. பாண்டரோசா என்ற அமெரிக்கப் பைன் ஊசியைத் தின்ற சினை மாடுகளுக்குக் கரு கலைந்துவிடும் என்பது அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கர்ப்பிணிகள் எந்தப் பைன் ஊசியையும் வாயில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறேன்.

வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் மரம் வைத்திருக்கிறோம். அது பைன்தானே?

தட்டுத் தட்டாகக் கிளை விரிக்கும் அந்த மரம் அரக்கேரியா. ஆங்கிலப் பெயரில் பைன் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பைன் அல்ல. அழகுக்கு வையுங்கள், ஸ்டார் கட்டுங்கள், காய்ச்ச வேண்டாம்.

பள்ளிக்கூட வாசலிலும் லாட்ஜ் முகப்பிலும் விசிறி மாதிரி தட்டையான இலையோடு, கூம்பு வடிவத்தில் ஒரு செடி வைப்பார்களே, அது தூஜா. பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து 'குட்டி போடும்' என்று காத்திருப்பார்கள். அதில் தூஜோன் என்கிற பொருள் இருக்கிறது, அளவு மீறி உள்ளே போனால் வலிப்பு வரும். அதைக் காய்ச்சிக் குடிக்கவே கூடாது.

நாட்டு மருந்தில் ஊசியிலை மரமே கிடையாதா?

இருக்கிறது! யாராவது இதைக் கேட்டால் எனக்கு உற்சாகமாகிவிடும். தாளிசபத்திரி என்று கடையில் வாங்குகிறீர்களே, அது இமயமலையில் வளரும் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் காய்ந்த இலை. இருமலுக்கும் பசியின்மைக்கும் கொடுக்கிற தாளிசாதி சூரணத்துக்குப் பெயர் கொடுத்த சரக்கே அதுதான். ஆக, ஊசியிலையை மருந்தாக்குவது நமக்குப் புதிது இல்லை. எத்தனையோ காலமாக வடக்கேயிருந்து மூட்டையில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் ஒரு கவனம். தாளிசபத்திரி என்ற பெயரில் வேறு மரங்களின் இலையும் சந்தைக்கு வரும். அதில் ஒன்று யூ மரத்தின் இலை, இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு. உதிர்ந்த காய்ந்த இலையாகப் பார்த்து இரண்டையும் பிரிப்பது பழகிய கண்ணுக்கே கஷ்டம். அதனால் உதிரியாக வாங்கி வீட்டில் இடிக்காதீர்கள். உரிமம் பெற்ற தயாரிப்பாளரின் சூரணமாக, சித்த மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். உதிரிச் சரக்கு விற்று நாலு காசு பார்க்கிற கடைக்காரனாக இருந்தும் இதைத்தான் சொல்கிறேன்.

சரி, நம் கரையில் சளிக்கும் இருமலுக்கும் என்னதான் பறிக்கலாம்?

முதலில் நொச்சி. ஊருணிக் கரையில், வாய்க்கால் ஓரத்தில், வேலியில் நிற்கும். கை விரல் மாதிரி மூன்று அல்லது ஐந்து இலை விரிந்திருக்கும். மேலே பச்சை, திருப்பினால் சாம்பல் வெள்ளை. ஊதாவில் பொடிப்பொடியாகப் பூக்கும். கசக்கினால் மூக்கில் ஏறும் வாசம். இதை வேது பிடிக்கத்தான் எடுக்க வேண்டும்.

வேது பிடிப்பதில் இலையைவிட முக்கியம் பானை. அடுப்பில் எரிந்துகொண்டிருக்கும்போதே குனியக் கூடாது. இரண்டு கை நொச்சி, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கொதித்ததும், அடுப்பை அணைத்து, வாய் அகன்ற கனமான பானையைத் தரையில் சும்மாட்டுத் துணியின் மேல் அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடம் விட்டுத் தட்டைக் கொஞ்சமாக நகர்த்தி, போர்வைக்குள் முகத்தை ஒரு முழம் தள்ளி வையுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும். சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் இழுத்து உட்கார வைக்காதீர்கள். திமிறிப் பானையைத் தட்டிவிட்டு வெந்து போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சளி நாலு நாளில் போய்விடும், தழும்பு போகாது.

அடுத்தது தூதுவளை. மழை விழுந்தால் வேலி முழுக்கப் படரும். தண்டிலும் இலை முதுகிலும் வளைந்த முள், கத்தரிப் பூ மாதிரி ஊதாப் பூ, பச்சையாகக் காய்த்துச் சிவப்பாகப் பழுக்கும். தரையோடு படர்ந்து, நேரான நீள முள்ளும் மஞ்சள் பழமும் இருந்தால் அது கண்டங்கத்திரி. அதுவும் மருந்துதான், ஆனால் துவையலுக்கு ஆகாது. தூதுவளை இலையைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தால் கை கிழியாது. நெய்யில் வதக்கினால் முள் மொரமொரவென்று உடைந்துவிடும். மிளகு, பூண்டு, புளி, இரண்டு வற்றல் வைத்து அரைத்துச் சுடுசோற்றில் பிசைந்து பாருங்கள். மருந்து என்ற நினைப்பே வராது. ரசமும் வைக்கலாம். கீழக்கரையிலிருந்து வரும் ஒரு லாத்தா இதைக் கறி ஆணத்திலேயே போட்டுவிடுவதாகச் சொல்வார்.

மூன்றாவது ஆடாதொடை. ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர். நம் ஊரில் ஆடு தொடாத இலை என்றால் எவ்வளவு கசப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள். நீளமான இலை, வெள்ளைப் பூ. இரண்டு இலையை நடு நரம்பு நீக்கிக் கிள்ளிப் போட்டு, நாலு மிளகு தட்டி, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒன்றாகச் சுண்டவைத்து, பனங்கற்கண்டு சேர்த்து அரை டம்ளர் குடிக்கலாம். பெரியவர்களுக்கு மட்டும், மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். ஆங்கில மருந்துக் கடையில் சளி கரைக்கக் கொடுக்கிற புரோம்ஹெக்சினே இந்த இலையின் வேதிப்பொருளைப் பார்த்துச் செய்ததுதான். அந்த அளவுக்கு வேலை செய்கிற இலை என்றால், அந்த அளவுக்குக் கவனமும் வேண்டும். கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும்.

கற்பூரவல்லி, துளசி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே பறிக்கக் கூடாது?

முண்டு மிளகாய் போட்டிருக்கிற வயல் வரப்பில் பறிக்காதீர்கள். அந்த மிளகாய் நம் மாவட்டத்துப் பெருமை, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஆனால் பூச்சி விழுந்தால் மருந்து அடிப்பார்கள், அந்தச் சாரல் வேலித் தூதுவளை மேலும் விழும். வயல்காரரிடம், "அண்ணே, கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கை வைத்தால் நல்லது.

இறால் பண்ணைக் கழிவு ஓடும் வாய்க்கால், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம், குப்பை எரிக்கும் இடம், இவையும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே போய்ச் செடி பறிக்கக் கூடாது. கரையில் இருக்கும் வனத்துறைச் சவுக்குத் தோப்பிலும் பச்சைக் கிளையை ஒடிக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மரங்கள் எதற்கு நிற்கின்றன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடல் பக்கம் பறித்த எந்த இலையிலும் உப்புப் படிந்திருக்கும். இரண்டு தண்ணீர் மாற்றி அலசுங்கள். உமரிக்கீரை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் கீரைக்கு உள்ளேயே உப்பு என்பதால் ரத்த அழுத்தக்காரர்கள் தள்ளி நிற்பது நல்லது.

கிட்டவே போகக் கூடாத செடிகள்?

அரளி, மஞ்சள் அரளி. ஊமத்தை, இளைப்புக்கு இதன் புகையைப் பிடிக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வெந்து பார்வையே மங்கும். பறித்த கையோடு கண்ணைத் தேய்ப்பதால்தான் பெரும்பாலும் நடக்கிறது. குன்றிமணி விதை, சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், பிள்ளைகள் பொறுக்கி வருவார்கள். மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. செங்காந்தள் நம் மாநிலப் பூ, மழைக்குப் பின் மணல் வேலிகளில் தலைநீட்டும். கிழங்கு என்று தோண்டித் தின்று இறந்தவர்கள் உண்டு.

கடலில் சொறி பட்டால் அடும்பு இலை வைக்கலாமா?

இழுதுமீனைத்தான் நம் ஆட்கள் சொறி என்பார்கள். கரையில் ஆட்டுக் குளம்பு மாதிரி இலையோடு, ஊதாப் பூ பூத்து மணலைக் கட்டிப்பிடித்துக் கிடக்கும் அடும்புக் கொடியைக் கசக்கிச் சாறு விடுவது கடல் தொழிலாளிகளின் பழைய வழக்கம். லேசான எரிச்சலுக்கு அது இதம் தருகிறது. ஆனால் முதல் வேலை வேறு: பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் கொடுக்குகள் இன்னும் விஷத்தைக் கக்கும். மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், நினைவு தடுமாறினால் இலை தேடிக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பைன் எண்ணெய், டர்பெண்டைன், நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு உள்ளுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. சொட்டுக் கணக்கிலும் கூடாது. பிள்ளைகளுக்குக் கற்பூரமும் அப்படித்தான், விழுங்கினால் வலிப்பு வரும். கைக்குழந்தையின் மூக்கடியில் தைலம் தடவுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இருமலுக்குத் தேன் தடவுவதும் ஆபத்து.

கை மருந்தை எப்போது நிறுத்த வேண்டும்?

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோயாக இருந்தால் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளியில் ரத்தம், மாலை மாலை காய்ச்சல், எடை குறைவது, குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. நான் முதலில் சொன்ன அப்பத்தாவுக்கும் நான் இலை கொடுத்து அனுப்பவில்லை. எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன், "ஐப்பசியிலேருந்துய்யா" என்றார். பேத்தியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், போனார்கள்.

பறித்து வந்த சவுக்கு ஊசியை என்ன செய்வது?

காய வைத்து அடுப்பு பற்றவைக்கலாம், சுள்ளென்று பிடிக்கும். தென்னைக்கோ மல்லிகைக்கோ கீழே மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், களை எழும்பாது. நாற்றுப் பாத்தியில் மட்டும் போடாதீர்கள், சவுக்குச் சருகு விதை முளைப்பதைத் தடுக்கும். தோப்புக்குள் புல் கூட முளைக்காமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே.

எங்கள் தெருவில் நொச்சி இல்லை. கன்று எங்கே கிடைக்கும்?

கன்றே வேண்டாம். விரல் பருமனில், ஒரு முழ நீளத்தில் முற்றிய குச்சியாக வெட்டி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி கொஞ்சம் சாய்த்து ஊன்றுங்கள். புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். மணல் தரையாக இருந்தால் குழியில் ஒரு கூடை கண்மாய் வண்டல் போடுங்கள். ஆடும் அதைப் பெரிதாக மேயாது, வேலி கட்ட வேண்டிய செலவும் இல்லை. எங்கள் கடைப் பின்வாசலில் ஒரு பெரிய நொச்சி நிற்கிறது. புரட்டாசியில் கிளை கழித்து, குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி வாசலில் வைத்திருப்பேன். காசு கிடையாது, வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம்.